லிங்கனின் அப்பா சப்பாத்து தைத்தவரா? பதினாறு வருடமாக நான் சொன்ன கதை

லயத்து வாத்தியார் (தலவாக்கலை) கேட்கிறார்:

வணக்கம். ஒரு சங்கடத்தோடு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறேன். இந்த மாசியோடு பதினாறு வருடம். ஒவ்வொரு வருடமும் தரம் ஒன்பதுக்குத் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. உங்களுக்கும் தெரிந்த கதைதான். ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகி முதல் நாள் செனட் சபையில் பேச எழும்புகிறார். பணக்கார உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டு, உன் அப்பன் எங்கள் வீட்டுக்குச் சப்பாத்து தைத்துத் தந்தவன் என்பதை மறந்துவிடாதே என்கிறார். சபை சிரிக்கிறது. லிங்கன் நிதானமாக, என் அப்பா தைத்த சப்பாத்து எங்கேயாவது கடித்தால் சொல்லுங்கள், எனக்கும் அந்த வேலை தெரியும், திருத்தித் தருகிறேன் என்கிறார்.

குரலை எங்கே தாழ்த்துவது, எங்கே ஒரு மூச்சு நிறுத்துவது என்பதெல்லாம் எனக்குக் கைவந்துவிட்டது. கடைசி வரி முடிந்ததும் வகுப்பு கப்சிப். கீழே ரோட்டில் கொழுந்து லொறி கியர் மாற்றும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த அமைதிக்காகவே சொல்வேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வருடம் பேச்சுப் போட்டிக்கு ஒரு பிள்ளையைத் தயார்படுத்துகிறேன். தலைப்பு ‘நான் போற்றும் தலைவர்’. அவள் லிங்கனை எடுத்தாள், என்னிடம் கேட்ட கதையோடுதான். அவளுடைய அண்ணன் கொழும்பில் போன் கடையில் வேலை செய்கிறான், சும்மா இருக்காமல் தேடிப் பார்த்திருக்கிறான். இடைவேளைக்குப் போனோடு வந்து நின்றாள். குரல் பதிவு: “தங்கச்சி, உங்க சேர்கிட்ட கேளு, லிங்கன் செனட்டராவே இருந்ததில்லையாமே?”

இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பொடியன் சொன்னது சரி. செனட்டுக்கு அவர் இரண்டு தடவை முயன்றார், 1855-இலும் 1858-இலும், இரண்டும் கிடைக்கவில்லை. ஜனாதிபதி என்பவர் அங்கே செனட்டில் உட்கார்ந்து விவாதம் செய்கிற வழக்கமும் இல்லை. அப்பா தோமஸ் லிங்கன் கமக்காரர், தச்சு வேலையும் தெரிந்தவர். கென்டக்கியில் காணி வைத்திருந்தார். காணி உறுதிப் பத்திரத்தில் வில்லங்கம் வந்து கையைவிட்டுப் போக, 1816-இல் குடும்பத்தோடு இண்டியானாவுக்குப் போனார். சப்பாத்துக் கடை எங்கேயும் இல்லை.

பேச்சில் பாதி போச்சு. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தேடும்போது வேறொன்று கிடைத்தது, அதுதான் உறுத்துகிறது.

1860-இல் தேர்தலுக்காக லிங்கனே தன்னைப் பற்றிச் சுருக்கமாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் அப்பாவைப் பற்றி என்ன வருகிறது தெரியுமா? படிப்பில்லாமல் வளர்ந்தவர், தட்டுத்தடுமாறித் தன் பெயரைக் கையெழுத்தாகப் போடுவதற்கு மேல் எழுத்து வேலை எதுவும் செய்ததில்லை என்று. அப்பாவுக்காகச் சபையையே தலைகுனிய வைத்த மகன் எழுதிய வரி மாதிரியா இருக்கிறது? 1851 ஜனவரியில் அந்த மனிதர் சாகக் கிடந்தபோது மகன் போகவில்லை. மனைவி பிள்ளை பெற்று நோயாக இருந்தார், அது உண்மை. ஆனால் மாற்றாந்தாயின் மகனுக்கு எழுதிய கடிதத்தில், இப்போது சந்தித்தால் அது சந்தோஷத்தைவிட வேதனையாகத்தான் இருக்குமோ என்று தெரியவில்லை என அப்பாவிடம் சொல்லச் சொல்கிறார். சாவு வீட்டுக்கும் போகவில்லை.

இதை வாசித்துவிட்டு லைட்டை அணைத்துப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன். என் அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். நான் டவுன் பாடசாலையில் படித்தேன். தவணை முடிவில் ரிப்போர்ட் வந்தால் ‘தந்தை அல்லது பாதுகாவலர் கையொப்பம்’ என்று கீழே ஒரு கோடு இருக்கும். அப்பா கையைச் சாரத்தில் இரண்டு தடவை துடைத்துவிட்டுப் பேனாவை வாங்குவார். கவ்வாத்துக் கத்தியைப் பிடிப்பது போலப் பிடிப்பார். பெயரை எழுத மாட்டார், வரைவார். கடைசி எழுத்து எப்போதும் கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விடும். பத்தாம் வகுப்பில் மூன்று தவணைக்கும் நானே போட்டேன், நேராக, அழகாக. “இந்தத் தவணை ரிப்போர்ட் வரல்லையா?” என்று ஒரு தடவை கேட்டார். இன்னும் தரவில்லை என்றேன். அவர் 2011-இல் போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சப்பாத்துக் கதையில் வருகிற மகனாக நான் இருக்க ஆசைப்பட்டிருக்கிறேன் போலும். நான் இருந்ததோ நிஜ லிங்கன் மாதிரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி உண்மைதான். நான்கு வருடத்துக்கு முன் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சப்பாத்து தைத்தவன் என்ற இடம் வந்ததும் பின் வாங்கில் இரண்டு பேர் திரும்பி ஒரு பையனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் அவனைப் பார்த்தார்கள் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கண்டும் காணாதது போலக் கதையை முடித்தேன். அன்றும் வகுப்பு அமைதியாகத்தான் இருந்தது.

கேள்வி இதுதான். இந்தக் கதையை என்ன செய்வது? நமக்குத் தெரிந்த மற்ற அமெரிக்கப் பெரியவர்களும் இப்படித்தானா? எவ்வளவு உண்மையில் அவர்களுடையது, எவ்வளவு எழுதினவர்கள் தைத்துக் கொடுத்தது?


பழைய வாசிகசாலை (பதுளை) எழுதுகிறார்:

தம்பி, ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது, இப்படி ஒரு கேள்வி வந்தால் இன்னும் கை பரபரக்கிறது.

முதலில் உங்களுக்கு இன்னொரு அடி. லிங்கன் தன் மகனுடைய தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதம் என்று ஒன்று உலாவுகிறதே, எல்லாப் பாடசாலை அலுவலகத்திலும் தொங்குகிறதே, அதுவும் அவர் எழுதியதில்லை. அவர் எழுதியதையெல்லாம் திரட்டி 1953-இல் எட்டுத் தொகுதி போட்டார்கள், அப்படி ஒரு கடிதம் அதில் கிடையாது. அதை அழகாக எழுதுவித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் வாசிகசாலைச் சுவரில் மாட்டிய புண்ணியவதி நான்தான். ஓய்வு பெறும்போதும் அங்கேயே இருந்தது. கழற்ற மனம் வரவில்லை, அது வேறு கதை.

அப்புறம் அந்தத் தோல்விப் பட்டியல். 1832-இல் தோற்றார், 1855-இல் தோற்றார், 1858-இல் தோற்றார், 1860-இல் ஜனாதிபதி என்று வரும். பட்டியல் போட்டவர் நடுவில் எதை விழுங்கினார் பாருங்கள். 1834-இல் இலினோய் மாநிலச் சட்டசபைக்கு வென்றார். 1836, 1838, 1840 என்று திரும்பத் திரும்ப வென்றார். 1846-இல் காங்கிரசுக்கும் வென்றார். வழக்கறிஞராக நல்ல வருமானம், ஒரு ரயில் கம்பெனிக்கு வழக்காடி 5000 டொலர் கட்டணம் வாங்கியவர், அதையும் அந்தக் கம்பெனிமீதே வழக்குப் போட்டு வாங்கியவர். பட்டியலில் ஒரு வரிகூடப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, வென்றதை விட்டுவிட்டால் போதும், ஆள் மாறிவிடுவார்.

இந்தத் தொழிலுக்கே மூத்தவர் ஒருவர் இருக்கிறார், வீம்ஸ் என்று. பாதிரியார், வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக விற்றவர். ஜோர்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பரில் செத்தார். அடுத்த வருடமே வீம்ஸ் அவருடைய வாழ்க்கையை எழுதி விற்கத் தொடங்கிவிட்டார். சின்ன வாஷிங்டன் கோடரியால் அப்பாவின் செர்ரி மரத்தைக் கொத்திவிட்டு, பொய் சொல்லத் தெரியாது அப்பா என்று ஒத்துக்கொண்ட கதை முதல் பதிப்பில் இல்லை, 1806 பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. யார் சொன்னது என்றால், குடும்பத்துக்குத் தூரத்து உறவான ஒரு வயதான அம்மா. பெயர் இல்லை. பொய் சொல்லாத பிள்ளையைப் பற்றி ஒரு பொய். ஆனால் அந்த நாட்டுக்கு அப்போது பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு அப்பன் தேவைப்பட்டார், வீம்ஸ் வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார்.

சிரித்துவிட்டுப் போக முடியாது, இதையும் கேளுங்கள். 1861 பெப்ரவரி 21, பதவியேற்கப் போகிற வழியில் லிங்கன் நியூ ஜேர்சி மாநில செனட்டில் பேசினார். வாசிக்கத் தொடங்கிய சின்ன வயதில் வீம்ஸ் எழுதிய வாஷிங்டன் புத்தகம் கைக்கு வந்ததையும், அதில் வாஷிங்டன் நடத்திய டிரென்டன் சண்டை மனதில் அப்படியே பதிந்ததையும் சொன்னார். ஆக, உங்கள் நிஜ லிங்கன் வளர்ந்தது அந்தப் பொய் கலந்த புத்தகத்தில்தான். நான் இதை எந்தப் பக்கத்துக்குச் சாட்சியாகப் போடுவது என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

லிங்கனை எழுதியவர்களிலும் இரண்டு வீடு உண்டு. கூடவே வழக்கறிஞராக இருந்த ஹெர்ன்டன், 1865-இல் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவரைத் தெரிந்தவர்களையெல்லாம் தேடிப்போய்க் கேட்டு எழுதினார், கடிதம் போட்டார். 1865-இலேயே மாற்றாந்தாயிடம் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். எழுதத் தெரியாத கிழவி. அவள் பேச்சு நமக்குக் கிடைப்பது அந்த மனிதரால். ஆனால் அவருக்கும் லிங்கனின் மனைவி மேரிக்கும் ஆகாது. லிங்கன் மனதாரக் காதலித்தது இளமையில் செத்துப்போன வேறொரு பெண்ணைத்தான் என்று 1866-இல் மேடை போட்டுப் பேசினார், விதவை உயிரோடு இருக்கும்போதே. மேரி என்றால் சண்டைக்காரி என்று உலகம் நினைப்பதில் பெரும்பங்கு அவருடையது. மறுபக்கம் லிங்கனின் இரண்டு செயலாளர்கள் பத்துத் தொகுதி எழுதினார்கள். மகன் ரொபர்ட் காகிதங்களைக் கொடுத்தார், கையெழுத்துப் பிரதியைத் தானே பார்த்துத் திருத்தியும் அனுப்பினார். அந்தக் காகிதங்கள் 1947 வரை மற்றவர்களுக்குப் பூட்டு.

சப்பாத்துக்கு வருகிறேன். அமெரிக்கர்களுக்கு லிங்கன் மரக்குடிசையில் பிறந்தவர், வேலிக்கு மரம் பிளந்தவர் என்பதே போதும். 1860-இல் அவர் பிளந்ததாக இரண்டு வேலி மரங்களைக் கட்சி மாநாட்டுக்கே தூக்கி வந்தார்கள். அங்கே அது வறுமை, பாடுபட்டு மேலே வந்தவன் என்ற பெருமை. நமக்கு மரம் பிளந்தவன் என்றால் என்ன அவமானம்? ஒன்றுமில்லை. இங்கே அவமானம் தொழிலோடு பிறப்பாக ஒட்டிக்கிடக்கிறது. அதனால் யாரோ தோமஸ் லிங்கன் கையிலிருந்து கோடரியை வாங்கிக்கொண்டு தோலையும் ஊசியையும் கொடுத்துவிட்டார்கள். உங்கள் பின் வாங்குப் பொடியன்கள் சிரித்தார்களே, அவர்களுக்குக் கதை எந்த ஊருடையது என்று சரியாகத் தெரிந்திருக்கிறது.


மூன்றாம்தடவை பாஸ் (கொட்டகலை) எழுதுகிறார்:

சேர், டீச்சர், இரண்டு பேருக்கும் மரியாதையோடு. அந்தத் தோல்விப் பட்டியல் எங்கள் டியூஷன் கொட்டில் தகரத்தில் ஒட்டியிருந்தது. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) கணிதம் இரண்டு தடவை கோட்டை விட்டேன். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் தடவை சி தரத்தில் பாஸ். அவர் 1834-இல் வென்றது அப்போதே தெரிந்திருந்தால் கடுப்பாகி வீட்டுக்குப் போயிருப்பேன். பிள்ளைகளுக்குக் கதையை விட்டு வையுங்கள். பெரியவர்கள் ஆனதும் அவர்களே தேடிப் பார்ப்பார்கள், அந்த அண்ணன் பார்த்தாரே, அது மாதிரி.


ஊசிநூல் (மஸ்கெலியா) எழுதுகிறார்:

நான் டெய்லர். அதனால் ஒரு வார்த்தை.

தொழிலாளி ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி ஆன கதைதான் வேண்டும் என்றால் உண்மையாகவே ஒருவர் இருக்கிறார். லிங்கன் சுடப்பட்டதும் அந்த நாற்காலிக்கு வந்தாரே அன்ட்ரூ ஜோன்சன், அவர் எங்கள் ஆள். ஒரு நாள்கூடப் பாடசாலைக்குப் போகாதவர். சின்னப் பையனாக இருக்கும்போதே தையல் கடையில் வேலை பழக எழுதிக்கொடுத்து விட்டார்கள். 1824-இல் அண்ணனும் தம்பியுமாக ஓடிப்போனார்கள். பிடித்துத் தருபவருக்கு 10 டொலர் என்று முதலாளி பத்திரிகையில் விளம்பரம் போட்டார். நம் தாத்தாமார் தோட்டத்தை விட்டுப் போகத் தேவையான துண்டுச் சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துக்கு ஓடிய கதை மாதிரியே இருக்கும். பிறகு டென்னசியில் சொந்தக் கடை. எழுத்தும் கணக்கும் பெண்சாதி சொல்லிக் கொடுத்தது.

சினிமாவுக்கே பொருந்துகிற கதைதானே? ஆனால் யாரும் பேச்சுப் போட்டிக்கு இவரை எடுப்பதில்லை. ஏன் என்றால், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை தருகிற சட்டம் 1866-இல் வந்தபோது இவர் அதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். காங்கிரஸ் அவரை மீறித்தான் அதை நிறைவேற்றியது. 1868-இல் பதவி நீக்க விசாரணை வந்து, செனட்டில் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். அடிமட்டத்திலிருந்து வந்தவன் அடிமட்டத்துக்காக நிற்பான் என்று ஒரு நம்பிக்கை நமக்கு இருக்கிறது. இவர் அதற்குப் பொருந்தவில்லை. குடியுரிமை என்ற சொல்லை மலையகத்தில் யாரும் லேசாக வாசித்துவிட்டுப் போக மாட்டார்கள், அதனால்தான் எனக்கு இது மறக்கவில்லை.

காற்சட்டை நன்றாகத் தைத்திருப்பார், அதில் சந்தேகமில்லை.


லயத்து வாத்தியார் எழுதுகிறார்:

டீச்சர், அந்தக் கடிதத்தைப் போன வருடப் பரிசளிப்பு விழாவில் நானே ஒலிவாங்கியில் வாசித்தேன். இரண்டு தாய்மார் கண் துடைத்தார்கள். இப்போது எனக்கு அழுகை வருகிறது.

கொட்டகலைத் தம்பிக்கு: கதையை விட்டு வைக்கலாம் என்பதை நான் முழுவதும் மறுக்கவில்லை. ஆனால் உங்களைப் பாஸாக்கியது அந்தப் பட்டியல் இல்லை, தம்பி. மூன்று தடவை உட்கார்ந்தது நீங்கள்.

ஜோன்சனைப் பற்றி வாசித்ததும் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். “அப்ப இவரையே எடுக்கட்டா சேர்?” என்றாள். வேண்டாம் என்று நான் சொன்ன வேகம் எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. நானும் வீம்ஸ்தான், வண்டி இல்லை, அவ்வளவுதான்.


செக்ரோல் (அப்புத்தளை) எழுதுகிறார்:

முப்பத்திரண்டு வருடம் செக்ரோல், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேடு, எழுதினவன் நான். யாருக்குப் பேர், யாருக்கு அரைப்பேர், யார் வரவில்லை எல்லாம் என் கையெழுத்து. அதனால் எனக்குக் கதைப் புத்தகத்தைவிடக் கணக்குப் புத்தகத்தில் ருசி அதிகம். பிரடெரிக் டக்ளஸ் என்பவரை எனக்குப் பிடித்துப்போனதும் ஒரு கணக்குப் புத்தகத்தால்தான்.

மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். பிறந்த தேதி தெரியாது. கேட்கவும் முடியாத நிலைமை. 1817-ஆக இருக்கும் என்று கடைசிவரை ஒரு கணக்கில் இருந்தார். அவர் செத்து எண்பது வருடம் கழிந்த பிறகு, அவருடைய முதல் எஜமான் எழுதிவைத்த பேரேட்டை ஆராய்ச்சிக்காரர் ஒருவர் புரட்டியபோது, ஹரியட்டின் மகன் பிரடெரிக், 1818 பெப்ரவரி என்று அதிலே கிடந்தது. மாடு கன்று போட்டதை எழுதுவதுபோல எழுதிய வரி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அடிமை முறைக்கு எதிராகப் பேசி, மூன்று தடவை தன் வாழ்க்கையை எழுதிய மனுஷனுக்குத் தெரியாத ஒன்று, அவரைச் சொத்தாக வைத்திருந்தவன் புத்தகத்தில் இருந்தது. இங்கே 1948-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்து, அப்பன் இங்கே பிறந்ததற்குத் தாள் கொண்டுவா என்றபோது நம் ஆட்கள் எத்தனை பேர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். என் அப்பாவும் தோட்டத்து ஆபீசில்தான் இருந்தார். இருந்த புத்தகத்தையும் கரையான் தின்றுவிட்டது என்பார்.

மூன்று தடவை எழுதினார் என்றேன் அல்லவா, அதில்தான் வாத்தியாருக்கு விஷயம் இருக்கிறது. 1845, 1855, 1881. முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே ‘தானே எழுதியது’ என்று போட வேண்டியிருந்தது, அடிமையாக இருந்தவனுக்கு இப்படி எழுத வருமா என்று சந்தேகப்பட்டவர்கள் அவ்வளவு பேர். எப்படித் தப்பி ஓடினார் என்பதை அதில் சொல்லவில்லை. சொன்னால் உதவினவனுக்கு ஆபத்து, அதே வழியில் ஓட நினைக்கிறவனுக்கும் வழி அடைபடும். கப்பல்காரன் உடுப்புப் போட்டு, இரவல் வாங்கிய தாளைக் காட்டி, 1838-இல் ரயில் ஏறினதை 1881-இல்தான் விவரமாக எழுதினார். நாற்பத்துமூன்று வருடம் அதை விவரமாக எழுதாமலே வைத்திருந்திருக்கிறார். வாழ்க்கை வரலாற்றில் இல்லாத பக்கம் எல்லாம் பொய் இல்லை, சிலது யாரையோ காப்பாற்றுவதற்கு.

இப்போது பாட்டி. முதல் புத்தகத்தில் படிக்கிறவர் நெஞ்சை உலுக்குகிற இடம் அவருடைய பாட்டி. அத்தனை பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்த கிழவியை, வேலைக்கு உதவமாட்டாள் என்றதும் காட்டுக்குள் ஒரு குடிசையில் தனியாகச் சாக விட்டார்கள் என்று எழுதினார். பழி பிறகு வந்த எஜமான் தோமஸ் ஓல்ட் தலையில். 1877-இல் அந்த ஓல்ட் கிழவனாகிப் படுக்கையில் கிடக்கிறான். டக்ளஸ் போய்ப் பார்க்கிறார். போன இடத்தில் என்ன சொன்னார்? பாட்டி விஷயத்தில் நான் எழுதியது தவறு என்று சொன்னார். பாகம் பிரித்தபோது அவள் தன் பங்குக்கு வரவில்லை, பிறகு தானே கூட்டிவந்து சாகும்வரை பார்த்துக்கொண்டேன் என்றான் ஓல்ட். இதையெல்லாம் டக்ளஸ் மூன்றாம் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதினார்.

அடிமை முறை சரி என்று ஆகிவிட்டதா? இல்லையே. அந்தக் கிழவியைப் பாகம் பிரித்தார்கள் என்பது அப்படியேதான் நிற்கிறது. ஆனால் கணக்கில் ஒரு வரி பிழை என்று தெரிந்தால் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, ஒரு சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். ரப்பர் போடக் கூடாது. பழையது கீழே தெரிய வேண்டும். எங்களுக்குப் பெரிய கிளாக்கர் முதல் வாரம் சொல்லித் தந்தது இது. வாத்தியாரும் கதையைச் சொல்லுங்கள், அடியுங்கள், பக்கத்தில் எழுதுங்கள்.


பழைய வாசிகசாலை (பதுளை) எழுதுகிறார்:

செக்ரோல் ஐயாவுக்கு ஒரு வணக்கம். நாளைக்கு வாசிகசாலைப் பக்கம் போகிற வேலை இருக்கிறது. அந்தக் கடிதத்தின் கண்ணாடிச் சட்டம் இன்னும் அங்கே தொங்கினால், கீழே ஒரு துண்டு ஒட்ட விடுவார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன். சிவப்பு மையில்.


லயத்து வாத்தியார் எழுதுகிறார்:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பாதியில் விட்டால் நன்றாக இருக்காது.

பிள்ளை பேசினாள். செக்ரோல் ஐயா சொன்ன மாதிரியே. முதலில் சப்பாத்துக் கதையை என்னைவிட நன்றாகச் சொன்னாள், நிறுத்துகிற இடம் உட்பட. மண்டபம் அமைதியானதும், “இது நடக்கவில்லை” என்றாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் தச்சுக்காரத் தோமஸ், கோணல் கையெழுத்து, போகாத சாவு வீடு என்று போனாள். மொத்தமாக ஒரு வருடம்கூடப் பாடசாலை போகாதவர் என்று லிங்கனே தன்னைப் பற்றி எழுதியதையும் சேர்த்திருந்தாள். கோட்ட மட்டத்தில் இரண்டாம் இடம். நடுவர்களில் ஒருவர் வெளியே வந்து, தலைவரைப் போற்றச் சொன்னால் இப்படியா பேச வைப்பது என்று என்னைக் கேட்டார். முதலிடம் அப்துல் கலாமுக்கு.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம், கேட்டு எழுத வேண்டும். ஒரு பையன் வந்து, தாத்தாவின் அடையாள அட்டையில் ஜனவரி முதலாம் தேதி என்று இருக்கிறது, ஆனால் பாட்டியோ அவர் காமன் கூத்து நடந்த சமயம் பிறந்தவர் என்கிறாள், எதை எழுத என்றான். இரண்டையும் எழுதச் சொன்னேன்.

அன்றைக்கே என் ரிப்போர்ட் கதையையும் சொன்னேன். எவ்வளவோ தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினேன், அப்பா சாரத்தில் கை துடைத்ததைச் சொன்னேன், நானே கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். அமைதி வரும் என்று நின்றேன். முன் வாங்கில் ஒருத்தி, “சேர், எங்க அம்மா கையெழுத்த நானுந்தானே வைக்கிறேன்” என்றாள். பின்னாலிருந்து நானும் நானும் என்று சத்தம். வகுப்பே சிரித்தது, பாதிக்குப் பாதி கை தூக்கியிருந்தார்கள்.

போன தவணை ரிப்போர்ட்டுகளை அலுமாரியிலிருந்து எடுத்து இப்போது மேசையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். முப்பத்து நான்கு. அதில் ஒன்பது ஒரே நீல ஜெல் பேனா, ஒரே சாய்வு. யாரோ ஒருத்தி வகுப்புக்கே போட்டுக் கொடுத்திருக்கிறாள்.